குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்க எந்தச் சட்டத்தைக் கேட்பது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"கருத்துக் கேட்புக்கு மனு எழுத உட்கார்ந்தோம். குடிபோதையில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று முதல் வரி எழுதியாகிவிட்டது. இரண்டாவது வரியில் சண்டை வந்துவிட்டது. ஒருவர் ஜெயில் தண்டனையைக் கூட்டச் சொல்கிறார், ஒருவர் அளவைக் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் வண்டியையே பிடுங்கு என்கிறார். எதைக் கேட்பது?"

இப்படி ஒரு கேள்வி வந்தது. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் ஏற்கெனவே சிலர் கேட்டிருந்ததால் உட்கார்ந்து விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சண்டைக்குக் காரணம் 'கடுமை' என்ற சொல்தான். தண்டனையை ஏற்றுவதும் கடுமை, வலையின் கண்ணைச் சிறிதாக்குவதும் கடுமை. இரண்டுக்கும் செலவு வேறு, பலன் வேறு, சிக்குகிற ஆட்களும் வேறு. 2021-ல் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எல்லாமே குடியால் வந்தவை இல்லைதான். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே தடுத்துவிடக் கூடிய காரணங்கள் ஒரு சிலதான் உண்டு, குடி அவற்றில் ஒன்று.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

1. மாட்டுவோம் என்ற பயம். இன்று இரவு, இந்தச் சாலையில், நான் மாட்டுவேன் என்று ஓட்டுபவர் நம்புகிறாரா? சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு அப்புறம்தான்.
2. வேகம். மாட்டியவருக்கு விளைவு அன்றைக்கே வருகிறதா, இரண்டு வருஷம் வாய்தா வாங்கிய பிறகா?
3. யாரைத் தொடுகிறது. எப்போதாவது குடிக்கும் ஆளையா, தினமும் குடித்துவிட்டு ஓட்டும் ஆளையா? இரண்டு பேருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.
4. நீதிமன்றத்தில் நிற்குமா. ஒரு வருஷத்தில் ரத்தாகிற சட்டத்தால் அதுவரை பிடிபட்டவர்களின் வழக்குகளும் சேர்ந்து குழம்பும்.
5. கணக்கில் வராத செலவு. போலீஸ் நேரம், கருவிப் பராமரிப்பு, லஞ்சத்துக்கு வாய்ப்பு, குடும்பத்தின் மேல் விழும் சுமை.

ஐந்தும் சம எடை இல்லை. என் கணக்கில் முதலாவதுக்கே பாதி மதிப்பெண்.

## 1. அனுமதி அளவைக் குறைப்பது

பலரும் முதலில் கேட்பது இதுதான். செலவில்லாதது போலத் தெரிகிறது, சட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

ரத்தத்தில் இத்தனை அளவு இருந்தாலே குற்றம், தள்ளாடினாரா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம் என்று முதலில் சட்டம் போட்டது நார்வே, 1936-ல். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது அன்றைய அளவு. இன்று நார்வேயிலும் ஸ்வீடனிலும் 20. ஜப்பான், தென் கொரியா, இந்தியாவில் 30. இங்கிலாந்தில் 1967-ல் வைத்த 80 இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா தவிர மற்ற மாநிலங்களில் 80. பொதுவாக 50, புது ஓட்டுநர்களுக்கு 20 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இதே குறைப்பை இரண்டு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். யூட்டா 2018 டிசம்பர் இறுதியில் 80-லிருந்து 50-க்கு இறங்கியது. 2016-ஐ விட 2019-ல் அங்கே உயிரிழப்பு விபத்து விகிதம் 19.8 சதவீதம் குறைந்தது, அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் 5.6 சதவீதம்தான். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அதே 80-லிருந்து 50-க்கு வந்தது. அடுத்த இரண்டு வருஷங்களை ஆராய்ந்தவர்களுக்கு விபத்து குறைந்ததற்கான அடையாளமே கிடைக்கவில்லை. சட்டத்தை மாற்றினார்கள், சாலையில் சோதனையைக் கூட்டவில்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். யூட்டாவிலோ 2017-ல் சட்டம் நிறைவேறி நடைமுறைக்கு வருவதற்குள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதைப் பற்றியே பேச்சு. அந்தப் பேச்சுக்கும் பலனில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு மறுநாள் காலையில் தெரியும். உடல் ஆல்கஹாலை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் வெளியேற்றும். காபி, எலுமிச்சை, குளியல் எதுவும் அதை முடுக்காது. நள்ளிரவில் 150-ல் படுத்தவர் காலை எட்டு மணிக்கு எழுந்து பல் துலக்கி, "நல்லாத் தூங்கியாச்சு, தெளிஞ்சாச்சு" என்று சாவியை எடுக்கும்போது இன்னும் 30-ல் இருப்பார். வரம்பு 50 என்றால் தப்பித்தார், 20 என்றால் மாட்டினார். அளவைக் குறைத்துவிட்டு இதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டால், குற்றம் செய்கிறோம் என்றே தெரியாதவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய விபத்துகளில் அடிக்கடி தென்படுகிற ஆள் 150-ஐத் தாண்டியவர். 80-ஐயே மதிக்காத அவர் 50-ஐ மட்டும் மதிக்கப் போகிறாரா?

எப்போது சரி: சோதனை ஏற்கெனவே அடர்த்தியாக நடக்கும் இடத்தில். புது ஓட்டுநர், பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு மட்டும் தனி அளவு என்றால் எங்கேயும் சரி.

## 2. சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லும் அதிகாரம்

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் போலீஸ் ஒருவரை ஊதச் சொல்ல முதலில் சந்தேகம் வர வேண்டும். வாடை அடிக்க வேண்டும், கண் சிவந்திருக்க வேண்டும், பேச்சு குழற வேண்டும். இதில் லாபம் யாருக்கு? பழகிய குடிகாரருக்கு. எப்போதாவது குடிப்பவர் இரண்டு கிளாஸிலேயே உளறிக் கொட்டி மாட்டுவார். தினமும் குடிப்பவர் கண்ணாடியை இறக்கி, நிதானமாக வணக்கம் சொல்லி, ஆவணத்தை எடுத்து நீட்டுவார், வாயில் ஏலக்காயோடு.

இந்த ஓட்டையை அடைத்த இடங்களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் முக்கியமானது. 1982 டிசம்பர் 17-ல் அங்கே எந்த ஓட்டுநரையும் காரணம் இல்லாமல் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று ஆனது. உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, அந்தக் குறைவு ஒரு வருஷத்தில் கரைந்துவிடவும் இல்லை. கனடா இதே அதிகாரத்தை 2018 டிசம்பரில் கொண்டுவந்தது.

நேரில் எப்படி இருக்கும்? இரவு பத்து மணி. ஆரஞ்சுக் கூம்புகள், விளக்குச் சுழற்சி, வரிசையாக வண்டிகள் ஓரம் கட்டுகின்றன. கண்ணாடி இறங்கியதும் கையளவுக் கருவி ஒன்று உள்ளே நீள்கிறது. ஆஸ்திரேலியாவில் சில கருவிகளின் முன்னால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான். மற்ற இடங்களில் உறையைக் கிழித்துப் புதிய ஊதுகுழலை மாட்டுவார்கள். "விடாம ஊதுங்க, விடாம, விடாம... போதும்." ஒரு 'பீப்'. திரையில் பூஜ்யம். "கிளம்பலாம்." ஒரு நிமிஷம்கூட ஆகாது.

குடிக்காதவரைப் போய் நிறுத்துவது வீண் வேலை என்று தோன்றும். உண்மையில் சட்டம் வேலை செய்வதே அங்கேதான். பூஜ்யம் வந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார், மறுநாள் அலுவலகத்தில் சொல்வார்: "நேத்து என்னையும் ஊதச் சொன்னாங்கப்பா." கேட்கிற பத்துப் பேரில் அடுத்த வாரம் விருந்துக்குப் போகப் போகிறவர் இரண்டு பேராவது இருப்பார்கள்.

பயம் கரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். 1967-ல் மூச்சுச் சோதனை வந்த புதிதில் வார இறுதி இரவுகளில் மரணமும் பலத்த காயமும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. சில வருஷங்களில் ஓட்டுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சோதனை என்று பெயர்தான், நிறுத்துவது அபூர்வம். குறைந்திருந்த மரணமும் காயமும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சரி, இதன் மறைமுகச் செலவுகள். முதலாவது போலீஸ் நேரம். இரவு நேரத்தில் ஒரு குழுவை மூன்று மணி நேரம் சாலையில் நிறுத்தினால் வேறொரு வேலை நிற்கும். இரண்டாவது கைப்பேசி. "அந்தப் பாலத்துக்குக் கீழ நிக்கிறாங்க" என்று ஒரு குழுவில் விழுந்தால் அரை மணி நேரத்தில் பாலம் காலியாகிவிடும். பெரிய முகாமோடு, இடம் மாறிக்கொண்டே இருக்கும் சின்ன ரோந்தும் வேண்டும் என்பது இதனால்தான். மூன்றாவதுதான் எனக்கு உண்மையான கவலை: யாரை நிறுத்துகிறார்கள்? காரணம் சொல்லத் தேவையில்லாத அதிகாரம் கையில் இருந்தால் பெரிய கார் போய்விடும், பழைய பைக் நிற்கும். சாலையோரத்தில் ஒரு பேரம் நடக்கவும் இடம் உண்டு. ஆகவே சட்டத்திலேயே இரண்டு நிபந்தனைகளை எழுதிவிட வேண்டும். வரிசையில் வரும் எல்லோரையும், அல்லது முன்பே முடிவு செய்த எண்ணிக்கைப்படி ஐந்தில் ஒருவரையோ பத்தில் ஒருவரையோ நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஊதலும் நேரம், இடம், அளவோடு கருவியிலேயே பதிவாக வேண்டும், அதை அழிக்க முடியக் கூடாது.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-ல் இத்தகைய சாலை முகாம்கள் செல்லும் என்றது. அப்படியும் சில மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தைக் காட்டி இன்றுவரை நடத்துவதில்லை. ரத்தம் எடுப்பது வேறு விஷயம். கைதானவரிடம் மூச்சுச் சோதனைக்கு வாரண்ட் வேண்டாம், ரத்தத்துக்கு வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2016-ல் பிரித்தது. மனுவில் இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

எப்போது சரி: 'பிடிபட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது' என்று பெரும்பாலானோர் சொல்கிற எந்த இடத்திலும்.

## 3. சாலையோரத்திலேயே லைசென்ஸ் முடக்கம்

ஊதினார், அளவு தாண்டியது, லைசென்ஸ் அங்கேயே கைமாறியது, வண்டி இழுவை வாகனத்தில் ஏறியது. வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். வேகம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2010-ல் இதைக் கொண்டுவந்தது. அளவு தாண்டினால் உடனே 90 நாள் தடை, வண்டியும் முடக்கம். குடி சம்பந்தப்பட்ட உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. அப்புறம் நீதிமன்றம் வந்தது. ஒரு கைக்கருவி காட்டிய எண்ணை வைத்து மூன்று மாதம் தடை, அந்த எண் தப்பு என்று வாதாட வழியில்லை என்றால் எப்படி என்று 2011-ல் மாகாண நீதிமன்றம் கேட்டது. 2012-ல் திருத்தினார்கள்: வேறொரு கருவியில் இன்னொரு முறை ஊதிப் பார்க்கும் உரிமை, விரிவான மறுபரிசீலனை. பழைய வடிவத்தில் மறுபரிசீலனை போதவில்லை என்று கனடா உச்ச நீதிமன்றமும் 2015-ல் சொன்னது.

இரண்டாவது ஊதல் ஏன் முக்கியம்? குடித்த கையோடு ஊதினால் வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலே எண்ணை ஏற்றிவிடும். வாய் கொப்பளிக்கும் சில திரவங்களும் அப்படித்தான். கால் மணி நேரம் கழித்து ஊதினால் அது அடங்கிவிடும். இதை எழுதாத வரைவு முதல் வழக்கிலேயே சாயும்.

மறைமுகச் செலவு, வண்டி ஓட்டிப் பிழைப்பவரின் குடும்பம். 90 நாள் வருமானம் நின்றால் சிலர் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவார்கள். இன்ஷூரன்ஸும் செல்லாது, அவர் மோதுகிற ஆளுக்கு நஷ்டஈடும் சிக்கலாகும்.

எப்போது சரி: வழக்குகள் வருஷக்கணக்கில் தேங்கும் இடத்தில். மேல்முறையீட்டை ஒரு வாரத்தில் கேட்க ஆளும் அலுவலகமும் இருக்க வேண்டும்.

## 4. ஊதினால்தான் கிளம்பும் வண்டி

இன்டர்லாக் என்பார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் சுருள் கம்பியோடு ஒரு கருவி. ஊதினால்தான் இன்ஜின் உயிர் பெறும். வெளியே நிற்கும் நண்பரை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே என்றால், போகிற வழியில் மறுபடி ஊதச் சொல்லும். சில மாடல்களில் முகத்தையும் படம் பிடிக்கும்.

மாட்டியிருக்கும் வரை நன்றாகவே வேலை செய்கிறது. மறுபடி பிடிபடுவது மூன்றில் இரண்டு பங்கு குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கழற்றியதும் பழைய கதை. அதனால் 'ஆறு மாதம்' என்று தேதி குறிப்பதைவிட, 'கடைசி நான்கு மாதம் ஒருமுறைகூடத் தவறாமல் ஊதியிருந்தால் கழற்றலாம்' என்பதே உருப்படியான விதி. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ 2005-லேயே முதல்முறை பிடிபட்டவருக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புது மாடல் வண்டிகளில் இதைப் பொருத்த வசதி இருந்தாக வேண்டும்.

வாடகையும் பராமரிப்பும் ஓட்டுநர் தலையில். கட்ட முடியாதவருக்கு மானியம் வைக்காவிட்டால் வசதியுள்ளவர் ஊதிவிட்டு ஓட்டுவார், இல்லாதவர் மனைவியின் பெயரில் உள்ள வண்டியை எடுப்பார். பைக்கில் பொருத்துவதும் கஷ்டம், இரு சக்கர வாகனமே அதிகம் ஓடும் இடங்களில் இதன் வீச்சு குறைவு.

எப்போது சரி: இரண்டாம் முறை மாட்டியவருக்கு. பள்ளிப் பேருந்துகளுக்கு, யாரும் மாட்டுவதற்கு முன்பே.

## 5. கடும் தண்டனை, வண்டி பறிமுதல்

கூட்டத்தில் கைதட்டல் வாங்குவது இதுதான். ஒரு கோர விபத்து நடக்கும், ஊரே கொதிக்கும், அடுத்த கூட்டத்தொடரில் தண்டனை ஏறும். ஜப்பானில் 2001-ல் மரணத்தை விளைவிக்கும் அபாயகரமான ஓட்டுதலுக்குத் தனிக் குற்றம் வந்தது, 2007-ல் மேலும் கடுமையாக்கினார்கள். குடித்து ஓட்டுவது அங்கே பெரிதும் குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மோதியவர் நிற்காமல் ஓட ஒரு புதுக் காரணம் பிறந்தது. போதை இறங்கிய பிறகு சரணடைந்தால் லேசான பிரிவு. சிலர் வீட்டுக்குப் போய் மேலும் குடித்து, "இது அப்புறம் குடிச்சது" என்றார்கள். அந்த ஓட்டையை அடைக்கத் தனிக் குற்றமே உருவாக்க வேண்டியிருந்தது, அது 2014-ல் நடைமுறைக்கு வந்தது.

தென் கொரியாவும் ஒரு மரணத்துக்குப் பிறகு 2018-ல் தண்டனையை ஏற்றியது. இரண்டாம் முறை என்றால் கட்டாயக் கடும் தண்டனை. இரண்டு தவறுகளுக்கும் நடுவே எத்தனை வருஷ இடைவெளி என்று பார்க்கவே இல்லை என்பதால் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவை 2021-ல் ரத்து செய்தது.

பறிமுதலுக்கு லாட்வியா உதாரணம். 100 மில்லியில் 150 மில்லிகிராமுக்கு மேல் போனால் வண்டி அரசுக்கு. 2023-ல் அப்படிப் பிடித்த கார்களை உக்ரைனுக்கு அனுப்பியது செய்தியானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி அண்ணன் பெயரில் இருந்தால்? தவணை பாக்கி இருந்தால்? ஒவ்வொன்றும் ஒரு வழக்கு.

தண்டனை வகையிலேயே எனக்குப் பிடித்தது வேறொன்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2005-ல் தொடங்கியது. மீண்டும் மீண்டும் மாட்டுபவர் தினமும் காலையும் மாலையும் வந்து ஊத வேண்டும். குடித்திருந்தால் அன்றைக்கே உள்ளே, ஓரிரு நாள்தான். வருஷக்கணக்கு ஜெயில் கிடையாது, தப்பவும் முடியாது. திட்டம் வந்த கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) மறுபடி குடித்து ஓட்டிக் கைதாவது 12 சதவீதம் குறைந்தது.

எப்போது சரி: உயிர் போன வழக்குகளில். தடுப்பு மருந்தாக இதைத் தனியாக நம்ப வேண்டாம்.

## 6. ஊற்றிக் கொடுத்தவருக்கும் பொறுப்பு

ஜப்பானின் 2007 திருத்தம் மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே உடன் ஏறியவர் மூவரையும் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. பல அமெரிக்க மாநிலங்களில் தள்ளாடுபவருக்கு மேலும் ஊற்றிய கடைமீது நஷ்டஈடு கேட்கலாம். நிரூபிப்பது பாடு. ஆனாலும் "சாவியை இங்க கொடு" என்று சொல்ல நண்பருக்கும் கடைக்காரருக்கும் ஒரு சாக்கு கிடைக்கிறது. துணை ஏற்பாடாக நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | மாட்டும் பயம் | வேகம் | யாரைத் தொடும் | நீதிமன்றச் சிக்கல் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| அளவைக் குறைப்பது | சோதனை இருந்தால் மட்டும் | மாறாது | எப்போதாவது குடிப்பவர் | குறைவு | மறுநாள் காலை |
| யாரையும் ஊதச் சொல்வது | மிக அதிகம் | மாறாது | எல்லோரையும் | நடுத்தரம் | போலீஸ் நேரம், பாரபட்சம் |
| உடனடி முடக்கம் | அதிகம் | மிக அதிகம் | பிடிபட்டவர் | அதிகம், திருத்தலாம் | பிழைப்பு |
| இன்டர்லாக் | பொருத்தியவருக்கு மட்டும் | நடுத்தரம் | மறுபடி மாட்டுபவர் | குறைவு | வாடகை, கழற்றிய பின் |
| கடும் தண்டனை | குறைவு | மிகக் குறைவு | விபத்துக்குப் பின் | அதிகம் | மோதிவிட்டு ஓட்டம், தேங்கும் வழக்கு |
| கொடுத்தவர் பொறுப்பு | நடுத்தரம் | குறைவு | கடை, நண்பர் | நிரூபணம் | சாட்சி தேடல் |

## அப்படியானால் மனுவில் என்ன எழுதுவது

சாலைச் சோதனையே அபூர்வம் என்றால் இரண்டாவது வழியை மட்டும் கேளுங்கள். ஒரே மனுவில் ஆறையும் கேட்டால், செலவில்லாதது எதுவோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள், அது பெரும்பாலும் தண்டனை உயர்வாக இருக்கும். சோதனை நடக்கிறது, வழக்குதான் முடிவதில்லை என்றால் மூன்றாவது. இரண்டுமே ஒழுங்காக நடந்து, திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான் மாட்டுகின்றன என்றால் நான்காவதும், தினமும் இருமுறை ஊதும் ஏற்பாடும். இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அளவைக் குறைத்தால் பலன் தெரியும்.

எதைக் கேட்டாலும் அதோடு ஒரு உட்பிரிவைச் சேர்த்துவிடுங்கள்: மாதந்தோறும் எத்தனை பேரை ஊதச் சொன்னார்கள், எந்தெந்த நேரத்தில், எத்தனை பேர் அளவைத் தாண்டினார்கள் என்று பொதுவில் வெளியிட வேண்டும். அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி மனு எழுத உட்காரும்போது கையில் வைத்துக்கொள்ள அந்த எண்கள்தான் இருக்கும்.